ரோபோவால் ஒயர் மாட்ட முடியுமா?

ஆசிரியருக்கு,

மின்சார கார் ஆலையில் எல்லாமே ரோபோ, அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்று எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரே பேச்சு. பாதிதான் சரி.

தகடுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் அடிப்பது ரோபோ கைகள்தான். அமெரிக்க மின்சார கார் கம்பெனி டெஸ்லாவில் ஒரு படி மேலே போய், மாடல் ஒய் காரின் பின்பக்க அடிப்பாகத்தில் சுமார் 70 துண்டுகள் செய்த வேலையை, உருகிய அலுமினியத்தை ராட்சத அச்சுக்குள் அழுத்தி ஒரே வார்ப்பில் முடித்துவிடுகிறார்கள். பேட்டரி செல்களை அடுக்கி லேசரால் இணைப்பதும் மெஷின்தான்.

ஆனால் ஒயரிங்? தொளதொளவென்று தொங்கும் ஒயர்க் கொத்தை டேஷ்போர்டுக்குள் நுழைத்து, கிளிப் 'டக்'கென்று உட்கார்ந்ததா என்று விரலால் உணர்ந்து மாட்டுவது இன்னும் பெரும்பாலும் மனுஷக் கைதான். அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தப்பு என்று டெஸ்லா தலைவர் எலான் மஸ்க்கே 2018-இல் ட்விட்டரில் எழுதினார் (அவர் ஒப்புக்கொள்வது அபூர்வம்!).

அப்புறம், ரோபோ பாதியில் நின்றால் சென்சாரைப் பார்த்து, புரோகிராமைத் திருத்த ஆள் வேண்டாமா? ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு நவீனப்படுத்தியது நல்ல விஷயம். அங்கே ரோபோ பயிற்சியும் உண்டு என்பதை அஞ்செட்டி, தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் பள்ளிக்கே ஆளை அனுப்பி, பெற்றோரையும் உட்கார வைத்து அரசு சொல்லட்டும்.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்