அத்தோ கடை மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வியாசர்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கு,

ஆயா நேற்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எவ துவைச்சா இந்தத் திரைச்சீலைய?" என்று கேட்டார். சரி, பழைய ஆயாதான் என்று அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடுதான் கிடந்தீர்கள்.

ரத்தம் கொடுத்த மூன்று பையன்கள், நடுராத்திரியில் காசே வாங்காமல் கொண்டுபோய் இறக்கிய ஆட்டோ அண்ணன், தம்பிக்கு இரண்டு வேளையும் சோறு போட்ட கீழ்வீட்டு அத்தை, சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்த அக்கா, எல்லோருக்கும் நேரில் வந்து சொல்கிறேன். இந்த மடலில் பெரும்பங்கு, அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை மாமாவுக்கு.

கண் விழித்த நாளிலிருந்து ஆயா தமிழே பேசவில்லை. எங்களையெல்லாம் யாரோ போலப் பார்த்தார். காலையில் நர்ஸ் ஈரத்துணியால் முகத்தைத் துடைக்க வந்தால் போதும், தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் கத்துவார். ஒருநாள் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். "பாட்டி ரொம்ப முரண்டு பண்றாங்க" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவர் பேசியது பர்மியம் என்று மட்டும் தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கும் அதில் பத்து வார்த்தை தெரியாது.

ஐந்தாம் நாள் மாமா வாழைத்தண்டு சூப்போடு வந்தார். கடையைச் சாயங்காலம் திறக்காமல் வந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, "அமா" என்றார். அக்கா என்று அர்த்தமாம். ஆயா திரும்பிப் பார்த்தார். மாமா விரலை மடக்கி, "தித், நித், தோன்" என்று எண்ண ஆரம்பித்தார். ஆயா "லே, ங்கா" என்று தொடர்ந்தார். அப்புறம் "ககீ, ககுவே" என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுத்துப் பாடம் ஒப்பித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆயா நிறையப் பேசினார். மாமா கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "கன்னத்தைத் துடைக்காதீங்கன்னு சொல்லுது. சயாமா தடவிவிட்டதாம்" என்றார்.

சயாமா என்றால் டீச்சர்.

எங்கள் வீட்டில் பர்மா என்றால் அது கொள்ளுத்தாத்தா கதைதான். 1962இல் நே வின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் ரங்கூனில் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17 அன்று 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கொள்ளுத்தாத்தா அந்த நோட்டுகளைத் தரையில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், அன்று வீட்டில் உலை வைக்கவில்லையாம். இதை நூறு தடவை கேட்டிருக்கிறோம். எது போனது, எவ்வளவு போனது என்றுதான் எப்போதும் கேட்டோம். பதின்மூன்று வயதில் ஆயாவுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்பதை யாருமே கேட்டதில்லை. அவர் படிப்பை விட்டதுகூட அந்தக் கணக்கில் வரவில்லை.

நேற்று ராத்திரி ஆயாவே மீதியைச் சொன்னார், தமிழில். இந்தியாவுக்குத் திரும்பக் கப்பலுக்குப் பதிவு செய்தாகிவிட்டது, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லப் போயிருக்கிறார். டீச்சர் ஒன்றும் பேசவில்லையாம். மேசை இழுப்பறையிலிருந்து, சந்தனம் மாதிரி உரசி முகத்தில் பூசும் ‘தனக்கா’ மரக்கட்டையை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டு உரசி, இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தடவிவிட்டு, சீப்பை வைத்து மேலே கோடு போட்டாராம். பர்மியப் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா தடவுவது. கப்பல் ஏறும் வரை ஆயா முகம் கழுவவில்லை. அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார். "காஞ்சு காஞ்சு உதிர்ந்துடுச்சுடா" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

மாமா சொன்ன மறுநாளிலிருந்து அந்த நர்ஸ் அக்கா நெற்றியையும் கழுத்தையும் மட்டும் துடைத்துவிட்டு, கன்னத்தை விட்டுவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே செய்தார். அவருக்கும் நன்றி. மாமா அடுத்த ஆறு நாளும் வந்தார். எட்டாம் நாள் ஆயா சூப்பைக் குடித்துவிட்டு, "உப்பு பத்தலை" என்று தமிழில் சொன்னார்.

மாமாவிடம் பணம் நீட்டினேன். கோபப்பட்டார். "நான் வந்தப்போ எனக்கு அஞ்சு வயசு. என் பர்மியத்துல பாதி எங்கம்மா திட்டினது, மீதி பர்மா எல்லையில இருக்குற மோரேவுக்குச் சரக்கெடுக்கப் போய்க் கத்துக்கிட்டது. சரியாப் பேச எனக்கும் ஆள் கிடைச்சுது, விடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுத்துப் பாடம் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கியாயிற்று.

மாமா, உங்கள் எவர்சில்வர் தூக்கு இங்கேதான் இருக்கிறது. நேற்றே கொடுத்தனுப்பப் பார்த்தேன், ஆயா விடவில்லை. வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். நாளைக்கு எழுந்து நிற்க முடிந்தால் தானே பணியாரம் சுடுவதாகச் சொல்கிறார். அதுவரை சூப்புக்கு வேறு பாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள்.