வேரைப் பார்க்காமல் தலையை வெட்டாதீர்கள்: எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் தாமானில் நடந்த ‘கிளை கழிப்பு’ வேலையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லோரியை வரவழைத்தது நீங்கள், காசு கொடுத்தது நாங்கள். மைதானத்து ஓரம் நின்ற தூங்குமூஞ்சி மரங்கள் அத்தனையையும் ஒரே பகலில் மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. ‘இனி மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்’ என்று கீழே ஒரு வரி. கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன.

நிம்மதியாகத் தூங்க முடியாத ஒருவர் நம் தாமானில் இருக்கிறார். முனைவீட்டு அம்மா. அவர் வாசலில் நிற்கும் அங்சானா என்ற சாலையோர நிழல்மரத்தை உங்கள் ஆட்கள் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். ‘அது பச்சைப் பசேலென்று நன்றாகத்தானே இருக்கிறது’ என்றார் குத்தகையாளர்.

நன்றாக இருக்கிறதா? ஒருமுறை குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். வீட்டுப் பக்கம், மண்ணை ஒட்டி, தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருக்கிறது. மேல்பக்கம் செம்பழுப்பு மினுமினுப்பு, ஓரம் வெள்ளை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். கேனோடெர்மா என்ற அழுகல் காளான் வந்த செம்பனை என்ன ஆகும் என்று சொல்வார்கள். காளான் வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகி முடிந்திருக்கும். இதுவும் அதே வகைதானா என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. சொல்லத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த மரத்தின் சாலைப் பக்கத்து வேர்கள் எங்கே போயின என்பது உங்களுக்கே தெரியும். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அங்கே சிமெண்டு போட்டீர்கள். அதற்காக மண்வாரி வந்து தோண்டியபோது தொடை பருமன் வேர்கள் வெட்டுப்பட்டுக் குழிக்குள் கிடந்தன. மரத்தின் வேர் ஆணி அடித்தாற்போல் நேராகக் கீழே போவதில்லை. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, கிளைகளின் எல்லையையும் தாண்டி ஓடுகின்றன. ஒரு பக்கத்தைத் துண்டித்தால் மரத்துக்கு அந்தப் பக்கப் பிடிப்பு போயிற்று. இப்போது அது வீட்டுப் பக்கமாகச் சாய்கிறது. நீங்கள் போட்ட சிமெண்டுத் தரையின் ஓரம் மேலே எழும்பி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது.

வானம் இருட்டினால் அந்த அம்மா என்ன செய்கிறார் தெரியுமா? முன்னறையில் இருக்கும் மருந்துப் பெட்டி, கைப்பேசி, அடையாள அட்டைப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அடுக்களைக்குப் பின்னால் உள்ள சாமான் அறைக்குப் போய்விடுகிறார். அங்கே ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். மழை விடும் வரை அதில்தான். இரவு இரண்டு மணிக்குக் காற்று எழுந்தாலும் அப்படித்தான். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு. ‘மகன் வீட்டுக்குப் போய்விடுங்களேன் அம்மா’ என்றேன். ‘என் வீட்டை விட்டு நான் ஏன் தம்பி போகணும்? மரத்தைப் பார்க்கச் சொல்லு’ என்றார். நியாயமான பேச்சு. உங்களுக்கு அவர் எழுதிய கடிதத்திலும் இதைத்தான் கேட்டிருந்தார். பதில் வரவில்லை.

மரம் விழும் என்ற பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல் மழையைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பட்டப்பகலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிர் போயிற்று, மோனோரயில் ஓட்டமும் நின்றது. பயப்பட வேண்டியதுதான். ஆனால் எந்த மரத்துக்குப் பயப்படுவது என்று தெரிந்துகொண்டு பயப்பட வேண்டாமா? திடமான மரத்தின் தலையை வாங்கிவிட்டு, நோயாளி மரத்தை வீட்டின் மேல் சாயவிட்டிருக்கிறோம்.

மொட்டையடித்த மரங்களும் இனிப் பத்திரம் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கினால் சில மாதத்தில் பழையபடி வளர்ந்துவிடும். மரம் அப்படியில்லை. இலைதான் அதற்குச் சாப்பாடு சமைக்கிறது, மொத்தத்தையும் எடுத்தால் சேமிப்பைத் தின்று வலுவிழக்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தைக் கீறாமல், அதை ஒட்டி அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். உங்கள் ஆட்கள் அறுத்ததோ நட்டநடுக் கிளையில். அந்த வாய் மூடாது, உள்ளே அழுகல் இறங்கும். வெட்டிய இடத்தில் கறுப்புச் சாயம் பூசியதைச் செயலாளர் பெருமையாகச் சொன்னார். பார்க்க அழகாக இருக்கிறது, சரி, அழுகலை அது தடுக்காது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த வாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். ‘பாருங்கள், பிழைத்துவிட்டது’ என்று அப்போதும் ஒரு படம் வரும். அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புபவை, உள்மரத்தோடு சரியான பிணைப்பு இல்லாதவை. தடித்துப் பாரம் ஏறியபின் காற்றில் பிய்ந்து விழப்போவது அவைதான். விழும்போது கீழே யார் கார் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இனி ஒரு கிளையில் கத்தி வைக்கும் முன், தகுதிச் சான்று பெற்ற ஒரு மர வல்லுநரை, ஆர்பரிஸ்ட் என்கிறார்களே அவரை, அழைத்து வந்து நம் தாமானின் பழைய மரங்கள் ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் முனைவீட்டு மரம். நாட்டில் இதற்கு ஆளில்லாமல் இல்லை. கெப்போங்கில் ஃப்ரிம் என்ற மலேசிய வன ஆய்வு நிறுவனம் இருக்கிறது, மலேசிய ஆர்பரிஸ்ட் சங்கம் இருக்கிறது. மரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்திச் சின்னச் சுத்தியலால் தட்டி, ஒலி கடக்கும் வேகத்தை வைத்தே உள்ளே பொந்து எவ்வளவு என்று படம் எடுக்கும் கருவி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நம் தாமானில் இன்னமும் பாராங் கத்தியை எடுத்துத்தான் சோதனை போடுகிறோம்.

அப்புறம், சட்டம். அடுத்த கட்டமாகப் பின்வரிசை மரங்களை ‘எடுத்தே விடலாம்’ என்று கூட்டத்தில் பேசினீர்களாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் 35எச் பிரிவைத் தயவுசெய்து படியுங்கள். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டிச் சாய்க்க முடியாது. செத்த மரம், சாகும் மரம், உடனடி ஆபத்து தரும் மரம் இவற்றுக்கு விலக்கு உண்டு. பின்வரிசை மரங்கள் எதுவும் அந்த விலக்கில் வராது, சுற்றளவோ இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். அனுமதி வாங்கியாகிவிட்டது என்கிறீர்கள். நல்லது, அந்தக் கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

முனைவீட்டு மரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் ‘சாலையோர மரம் மன்றத்துடையது, நாம் தலையிட முடியாது’ என்று பதில் வருகிறது. வெட்டும்போது நம்முடைய மரம், காப்பாற்றும்போது மன்றத்தின் மரம். சரி, மன்றத்துடையது என்றால் மன்றத்துக்கு எழுதுங்கள். சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் போவதற்கும், தனியாக இருக்கும் ஒரு வயதானவர் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வீட்டுக்கு வீடு இதே கதைதான். மா, ரம்புத்தான், பலா நின்ற முற்றங்களில் இன்று வாசல் முதல் சுவர் வரை டைல்ஸ். குப்பை விழுகிறதாம். பிறகு மதியம் முழுக்க ஏர்கோன் ஓட, மின்கட்டணம் ஏறிவிட்டது என்று குழுவில் புலம்பல். மழை பெய்தால் நீர் இறங்க ஒரு சாண் மண் இல்லை, கால்வாய் வழிகிறது, அதற்கும் மரத்து இலைதான் குற்றவாளி. ஆனால் பசுமை தின விழா என்றால் மட்டும் ஒரே பானைக் கன்றை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். போன ஆண்டு நட்ட கன்று எங்கே என்று யாராவது பார்த்தீர்களா? மேடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையோடு, காய்ந்து நிற்கிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. நீங்கள் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள், இரவுக் காவல் முதல் தீபாவளி விருந்து வரை உங்களால்தான் நடக்கிறது என்பதை அறிவேன். அதனால்தான் பணிவாகவே கேட்கிறேன். வல்லுநரை அழைக்கும் செலவு அதிகம் என்றால் சொல்லுங்கள், சந்தாவுக்கு மேல் கொடுக்க எங்கள் வரிசையில் ஆட்கள் தயார். அதுவரை முனைவீட்டு மரத்தடியில் கார் நிறுத்துவதைத் தடுத்து ஒரு கயிறாவது கட்டுங்கள். மொட்டையடித்த மரங்களின் துளிர்களில் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்பதையும் அந்த வல்லுநரே சொல்லட்டும்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் பெருமழை. அதற்கு முன் எந்தத் தேதியில் அந்த வல்லுநர் வருகிறார் என்பதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் போட்டாலும் தேடிப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத ஒரு குடியிருப்பாளர்
கெலுகோர், பினாங்கு