டீசல் பம்பைப் பிரிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய டீசல் கார் வைத்திருப்போர் பலர், காணொளிகளைப் பார்த்துவிட்டு எரிபொருள் பம்பை வீட்டு வாசலிலேயே பிரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பம்பைப் பழுதுபார்க்கும் கடைகளில் ஆகும் செலவை நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், இந்தத் தொழிலிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், எதை வீட்டில் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். பொதுக் குழாயிலிருந்து டீசல் செலுத்தும் காமன் ரெயில் முறை வருவதற்கு முந்தைய, முதல் தலைமுறை டாடா இண்டிகா போன்ற கார்களில் உள்ள ரோட்டரி பம்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

காலையில் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகே வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால், பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் அவசரம். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டே வருவதால், அங்கு ஒரு ஹோஸில் விரிசல் விட்டிருந்தாலும் வெளியே சொட்டுக்கூடத் தெரியாது. காற்றுதான் உள்ளே போகும். பம்புக்குள் நுழையும் இடத்தில் சிறிது நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் பொருத்திப் பார்த்தால், குமிழ்கள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். ஹோஸ், கிளிப், செம்பு வாஷர், ஃபில்டர் ஆகியவற்றை மாற்றுவது, ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, ஹேண்ட் பிரைமர் என்ற சிறு கைப்பம்பை அழுத்திக் குழாயில் உள்ள ஏர் எடுப்பது எல்லாம் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியவை. சாவியைத் திருப்பும்போது பம்பின் மேலுள்ள, டீசலைத் திறந்து அடைக்கும் மின்காந்த வால்வான சொலினாய்டில் ‘டிக்’ என்ற ஓசை வருகிறதா, அதன் ஒயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பம்பின் உட்புறம் வேறு கதை. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து அங்கே இருப்பது ஒரே பிளஞ்சர், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு. அது சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் அடித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பம்ப் அதில் பாதி வேகத்தில் சுழல்வதால், பிளஞ்சர் நிமிடத்துக்கு 8,000 முறை அடிக்கிறது. அதற்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. இதற்கு எஞ்சின் ஆயில் போவதில்லை. ஓடுகிற டீசலேதான் மசகு. ஆகவே கையில் ஒட்டிய மண்ணும், துடைத்த துணியின் நூலும் அதைக் கெடுக்கப் போதும். பம்பின் பின்பக்க ஹெட்டில் கசிகிற ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்றுவதற்காக, பம்பை வண்டியில் வைத்தபடியே போல்ட்டுகளைக் கழற்றுபவர்கள், ஸ்பிரிங் தள்ளி உள்ளேயிருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு இடம் மாறுவதை அறிவதே இல்லை. அப்படியே பூட்டிவிட்டால் டீசல் அளவு மாறிவிடும். பிளஞ்சர் 1,000 முறை அடிக்கும்போது எத்தனை மில்லி லிட்டர் டீசல் போகிறது என்று, பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இதனினும் ஆபத்தானது, சொலினாய்டு கெட்டவுடன் அதன் உள்ளிருக்கும் பின்னை எடுத்துவிட்டு வண்டியை ஓட்டுவது. அது இல்லையேல் சாவியை அணைத்தாலும் டீசல் நிற்காது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தவறாகப் பூட்டப்பட்ட பம்பும் அதோடு சேர்ந்துகொண்டால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துச் சிதறவும் கூடும். அந்த நேரத்தில் காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்க முயலவே கூடாது.

பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் கசிவை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடமே இருக்கிறது. நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். தொடக்கத்தில் வலியும் அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்திலேயே உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். டீசல் தோலைத் துளைத்துவிட்டால் காத்திராமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் பாய்ந்த டீசல் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பம்ப் கடை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். டீசல் அளவைச் சரிசெய்யும் காலிபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, மாற்றிய பழைய பாகங்களுடன் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாததாலும் பலர் பம்பை வீட்டிலேயே பிரிக்கத் துணிகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் பம்ப் மெக்கானிக்,
திருச்சி.