அடுப்பு மேடைக்கு என்ன கல்?

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பூச்சு வேலை முடிந்ததில் சந்தோஷம். சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள்தான் வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தாய். பூஜையறைக்குத் தாராளமாகப் போடு, மேடைக்கு வேண்டாம். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகை. புளித்தண்ணீர் சொட்டி ஐந்து நிமிஷம் நின்றால் பாலிஷ் செத்துவிடும். அது கறை இல்லை, புளிப்பு கல்லையே அரித்த இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். அது மேடைக்கு அடியில் தட்டு வைக்கத் தோது.

கிரானைட் எடு. ஆனால் கடைக்காரருக்குக் கடினமான கல் எல்லாமே கிரானைட். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி என்ற கறுப்புக் கல் உண்மையில் கேப்ரோ என்ற வேறு பாறை வகை. தண்ணீர் இழுப்பது ரொம்பக் குறைவு, என் ஓட்டு அதற்குத்தான். வெள்ளையேதான் வேண்டுமென்றால் காஷ்மீர் ஒயிட் இருக்கிறது. பெயரில்தான் காஷ்மீர், வெட்டுவது நம் மதுரைப் பக்கம். எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும் கல் அது. சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடிக்காமல் போடாதே.

பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி வா. ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, இன்னொரு மூலையில் தண்ணீர். கால் மணி நேரம் கழித்துத் துடை. சாறு விட்ட இடம் மங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீர் விட்ட இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது. கறுப்புக் கல்லை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் கறுப்பு ஏறினால் சாயம் பூசியிருக்கிறார்கள்.

கனம் 18 முதல் 20 மி.மீ. சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ வரும், ஆகவே படுக்கவைத்துத் தூக்கவிடாதே, நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும்.

பெரும்பாலும் உடைவது சிங்க் வெட்டிய இடத்தில்தான். 24 அங்குல மேடையில் 18 அங்குலம் சிங்குக்குப் போனால் முன்னும் பின்னும் மூன்று மூன்று அங்குலம்தான் மிச்சம். மூலையைச் சதுரமாக அறுத்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். முதலில் துளை போட்டு, வளைவாக வெட்டச் சொல். சிங்குக்கு முன்னால் மிஞ்சும் பட்டைக்கு அடியில் தாங்கல் கட்டாயம் வேண்டும்.

சுவருக்கும் கல்லுக்கும் நடுவே வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம், எபாக்ஸி பசை போடு. முன்பக்கம் ஓர் அங்குலம் வெளியே நீட்டி, அடியில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளக் கோடு) இழுக்கச் சொல். இல்லாவிட்டால் வழியும் தண்ணீர் கல்லின் அடியோடு ஓடி உன் பலகைக் கதவுகளை ஊறவைத்துவிடும்.

அளவு எடுத்ததும் எழுது.

அன்புடன்,
ராமு