வினைல் ஒட்டி மறைக்க மாட்டேன்

சேலம்,
ஞாயிறு ராத்திரி

மாப்ளே முருகேசா,

மூணு வாரமா நான் போனை எடுக்கலைன்னு நீ குட்டை மணிகிட்டப் பேசின பேச்சு வந்து சேர்ந்துடுச்சு. அவன் பங்குக்கு ரெண்டு வார்த்தை கூடவே சேர்த்திருப்பான், அது இருக்கட்டும். தப்பு என்மேலதான். போன்ல சொன்னா "சரி சரி, ஒட்டிக் குடுத்துடு"ன்னு வெச்சிடுவே. அதான் எழுதறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம்.

உன் கேரவனைப் பிரிச்சாச்சு. தரையில கீறி விழுந்திருக்கற ரெண்டு கோட்டு மேல வினைல் ஷீட்டை ஒட்டி மறைக்கச் சொன்னேல்ல, ஒட்ட மாட்டேன். ஏன்னு முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டு.

பட்டனை அமுக்கினா வண்டிப் பக்கச் சுவத்துல இருந்து அறை மாதிரி வெளிய நீண்டு, திரும்ப உள்ள போகுதே, அந்த ஸ்லைடு பெட்டி உள்ள வரும்போது அதோட உள்விளிம்புக்கு அடியில இருக்கற நாலு ரோலரும் வண்டித் தரை மேல உருண்டு வரணும். ஓரச் சட்டத்தைக் கழட்டிட்டு பெட்டியோட அடிப்பலகையில குத்தூசியை வெச்சு அழுத்திப் பார்த்தேன். நல்ல பலகையில முனைகூட இறங்காது. பின்பக்க மூலையில ஒரு விரற்கடை சொத்துன்னு இறங்குச்சு. பலகை தட்டுவடை செட்டு மாதிரி ஏடு ஏடாப் பிரிஞ்சு, நடுவுல ஈரம். அங்க இருக்கற ரோலர் பிராக்கெட்டுக்கு நாலு ஸ்க்ரூ. மூணு, விரலாலேயே திருகி எடுத்துட்டேன். பிடிமானம் போனதும் பிராக்கெட் சாஞ்சிருக்கு. சாஞ்ச ரோலர் விளிம்புலதான் நிக்கும், பெட்டி பாரமெல்லாம் ஒரு நூல் அகலத்துல இறங்கும். முதல் கோடு அது போட்டது. ரெண்டாவது கோட்டுக்குக் காரணம் வேற: மிளகு சைஸ்ல ஒரு பரல் அச்சுக்கும் ரோலருக்கும் நடுவுல சிக்கி, ரோலர் உருளாம இழுபட்டே வந்திருக்கு. ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாப் போச்சு. எடுத்து வெச்சிருக்கேன், வந்தா பாரு.

தண்ணி எங்கிருந்து வந்துச்சு? உன் ஏற்காடு எஸ்டேட்டுல இருந்துதான். சில்வர் ஓக்குக்கு அடியில நிழல்னு நிறுத்தறே. அந்த இலை ஸ்லைடு கூரை மேல விழுந்து, பனியில நனைஞ்சு மெத்தை மாதிரி கிடக்கு. பட்டனை அமுக்கினா இலையும் குச்சியும் சீல் ரப்பருக்கு அடியில மாட்டும், ரப்பர் மடங்கும், கூரையில தேங்கின தண்ணி அந்த மடிப்பு வழியா உள்ள வந்து மூலையில இறங்கும். பலகையோட வெட்டு விளிம்புக்கு ஒரு கோட் பெயிண்டுகூட அடிக்காம விட்டிருக்கான் கட்டினவன். வெட்டு விளிம்பு தண்ணியைத் திரி மாதிரி உறிஞ்சும். சினிமாக்காரன் வண்டின்னு பெருமையா வாங்கினியே, உள்ள இருக்கற பலகை சாதா கமர்ஷியல் பிளை.

உன் டிரைவர் அண்ணன் பளபளன்னு இருக்கட்டும்னு ரப்பரை டீசல் தொட்டுத் துடைக்கறாராம். கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நிறுத்தச் சொல்லு. டீசல், கிரீஸ், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த ரப்பர் உப்பும், அப்புறம் வடிவம் திரும்பாது. சோப்புத் தண்ணியில கழுவி, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே லேசா. அவ்வளவுதான். அடியில ஸ்லைடை இழுக்கற பல்சட்டத்துக்கும் கிரீஸ் அப்பியிருக்கார். அதுல செம்மண் ஒட்டி உப்புத்தாளா மாறிடுச்சு. அங்கயும் ஈரமா நிக்காத ஸ்பிரேதான் அடிக்கணும்.

இனி நான் செய்யப் போறது. குத்தூசி இறங்கின இடத்துல இருந்து இன்னும் 3 அங்குலம் தாண்டி நல்ல பலகை வர்ற வரைக்கும் வெட்டி எடுக்கணும். ரம்பத்தோட ஆழத்தைப் பலகைத் தடிமன் 18 மில்லிக்கே வெச்சு வெட்டணும், ஒரு மில்லி கூடினாலும் அடியில இருக்கற இரும்புச் சட்டத்துல பட்டுடும். அப்புறம் ஃபேன் போட்டு நாலு நாள் காயணும். இந்த நாலு நாளைத்தான் எவனும் குடுக்க மாட்டேங்கறான். ஈரத்து மேல எபாக்ஸிப் பசை ஊத்தினா பிடிக்காது, ஈரத்தை உள்ள அடைச்ச மாதிரியும் ஆயிடும். புதுப் பலகை ஐஎஸ் 710 முத்திரை இருக்கற, தண்ணி தாங்கற மரைன் பிளை. பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303 முத்திரை போட்டுட்டு "வாட்டர் ப்ரூஃப்"னு கடைக்காரன் சத்தியம் பண்ணினாலும் வேண்டாம். பழைய பலகையையும் புதுசையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றரை அங்குலம் ஒண்ணுமேல ஒண்ணு படியற மாதிரி எபாக்ஸியில சேர்க்கறேன். வெட்டு விளிம்பு, ஸ்க்ரூ துளை எல்லாத்துக்கும் ரெண்டு கோட் எபாக்ஸி. பிராக்கெட்டை இந்த முறை மரத்துல திருக மாட்டேன். போல்ட், அடியில எவர்சில்வர் பட்டை, நட்டு. ரோலர் நாலும் புதுசு, இப்ப இருக்கறதை விட ரெண்டு மடங்கு அகலத்துல நைலான். அகலமா இருந்தாத்தான் பாரம் பரவும். மேல கூரை இணைப்புல இருக்கற பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டிட்டு பியூட்டைல்ங்கற பிசுபிசு ரப்பர் டேப். சிலிக்கான் மேல திரும்ப எதைத் தடவினாலும் ஒட்டாது.

அப்புறம் தரைக்குப் போடச் சொன்ன உன் தேக்கு மாடல் லேமினேட். 8 மில்லி. படம் அனுப்பினே, அழகாத்தான் இருக்கு. ஆனா பெட்டியோட அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவுன்னு யாராவது பார்த்தீங்களா? ஏடிஎம் கார்டு ஒண்ணு முக்கால் மில்லி. ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிச் சொருகினேன், எட்டாவது கார்டு நுழையல. ஆறு மில்லிகூட இல்லாத சந்துல எட்டு மில்லியைப் போட்டா ஸ்லைடு உள்ள வரும்போதே உன் தேக்கைச் சீவிட்டு வரும். ஒண்ணோட ஒண்ணு சொருகற பொருத்துப் பலகையும் ஆகாது, ரோலர் ஏறி ஏறி இணைப்பு வாயைத் திறக்கும். 2 மில்லி வினைல், முழுத் தரைக்கும் பசை தடவி ஒட்டினது, அதுதான் இங்க நிக்கும். ஓரத்துல மட்டும் ஒட்டினா ரோலருக்கு முன்னாடி பாய் சுருட்டற மாதிரி சுருண்டு வரும்.

இப்ப இருக்கற வினைலே போதும்னா கோட்டை மட்டும் சரி பண்ணலாம். பள்ளத்தை எபாக்ஸி பட்டியில நிரப்பித் தேய்க்கணும். குழி பாக்கி இருந்தா மேல ஒட்டினது அங்கயே கிழியும். அதே டிசைன் துண்டைக் கிழிசல் மேல வெச்சு, ரெண்டையும் சேர்த்து ஒரே வெட்டா வெட்டினா அச்சுல வார்த்த மாதிரி பொருந்தும். சோபாவுக்கு அடியில இருக்கறதையே எடுத்துக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது.

விளையாட்டா எழுதிட்டு வந்தேன், இதை மட்டும் கவனமாப் படி. கட்டில் பக்கத்து பிளக் பாயிண்டுக்குப் போற 230 வோல்ட் ஒயர், ஒயரைத் தாங்கற கேபிள் செயின்ல இருந்து நழுவி ஸ்லைடு போற பாதையில கிடந்துச்சு. மேல்தோல் அறுந்து செம்பு தெரியுது. அந்தக் கட்டில்லதான் விருந்தாளிங்க குழந்தையைப் படுக்க வைப்பாங்க. ஒயரை மாத்தி, கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போடாம வண்டியை ஷெட்டை விட்டு அனுப்ப மாட்டேன். காசு கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

வண்டி மலை மேல போனப்புறம் உன் ஆளுங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருபது கொண்டை ஊசி ஏறி வந்த வண்டியில எந்த டிராயர் பூட்டினபடி இருக்கும்? ஸ்லைடைத் தொடறதுக்கு முன்னாடி டிராயர், அலமாரிக் கதவு, பெட்டிக்குப் பின்னாடி உருண்டு போன தண்ணி பாட்டில் எல்லாம் பார்க்கணும். ஓரச் சட்டம் உடையறது பெரும்பாலும் இப்படித்தான். ரசமட்டம் வெச்சு வண்டியை மட்டமா நிறுத்திட்டு அப்புறம் திறக்கணும். பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். இறங்கின பேட்டரியில மோட்டார் திணறித் திணறி இழுக்கும். விட்டு விட்டு அமுக்காம ஒரே மூச்சுல, முழுசா உள்ள, இல்ல முழுசா வெளிய. முழுசா நின்னதும், பெட்டி எவ்வளவு நீண்டிருக்குன்னு ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளந்து, கால் அங்குலத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா மேல இயக்காம எனக்குப் போன் போடு. மூடறதுக்கு முன்னாடி ஏணி போட்டு, மெத்துனு ஒரு விளக்குமாறால கூரை இலையைத் தள்ளணும். தரையையும் பெருக்கிடணும். ஸ்லைடு ஓடும்போது குழந்தைங்க உள்ள நிக்கவே கூடாது.

கோடை விழாவுக்கு முன்னாடி வண்டி வேணும்னே. இன்னிக்குத் தலையாட்டினா பன்னெண்டு நாள். வெயில் நல்லா அடிக்குது, பலகை சீக்கிரமே காயலாம், ஆனா அதை நம்பி நாள் குறிக்காதே. 2 மில்லி வினைலா, பழசையே ஒட்டா, அதை மட்டும் சொல்லு. நீயே போன் பண்ணு, எடுக்கறேன். மணிகிட்ட மட்டும் சொல்லி அனுப்பாதே, அவன் ரெண்டு வார்த்தை கூடவே சேர்த்துடுவான்.

வரும்போது மிளகு ஒரு கிலோ.

உன்
செல்வம்