மூன்றாம் பருவம் தொடங்கும் முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் பதக்கங்களோடு திரும்பினார்கள். குழந்தைகள் தின விழா, பேச்சுப் போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாமே சிறப்பாக நடந்தன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அப்புறம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் டிசைன் திங்கிங், அதாவது பிறர் சிரமத்தைப் புரிந்துகொண்டு அதற்குத் தீர்வு செய்து பார்க்கும் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியின் நிறுவனர் கிரண் பிர் சேத்தி 2009-இல் தொடங்கிய 'டிசைன் ஃபார் சேஞ்ச்' முறையைத்தான் பின்பற்றுகிறோம். நான்கே படிகள்: அடுத்தவர் சிரமத்தை உணர்வது, வழி யோசிப்பது, செய்து பார்ப்பது, பிறரோடு பகிர்வது. உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களில் பிறர் நிலையை உணர்வதும், சிக்கலைத் தீர்ப்பதும் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாதே!

ஒன்றாம் வகுப்பில் சில குழந்தைகள் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போனார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அவர்களோடு தரையில் உட்கார்ந்து கவனித்தார்கள். எவர்சில்வர் டப்பாவின் மூடி இறுக்கம், திறக்க வரவில்லை, டீச்சரிடம் கேட்கக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம். முதலில் மூடியில் ஐஸ் குச்சியை ஒட்டினார்கள், கழுவியதும் கழன்றுவிட்டது. அடுத்து ரிப்பன் வைத்தார்கள், சாம்பாரில் ஊறியது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடியைச் சுற்றி மாட்டினார்கள். பிடி கிடைத்தது, மூடி திறந்தது.

பிள்ளைகளின் மாதிரிகளை வைத்த கண்காட்சியில் அந்த டியூப் வளையத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு. பக்கத்து மேசைகளில் தெர்மாகோல், எல்இடி விளக்கு, பிரிண்ட் எடுத்த பெயர்ப்பலகை. ஒரே கடையில் வாங்கியதுபோல மூன்று தானியங்கிக் குப்பைத்தொட்டிகள். "இதை யாருக்காகச் செய்தாய்?" என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். "அப்பாகிட்ட கேக்கணும் சார்" என்றான்.

ராத்திரி கண்விழித்து நீங்களே ஒட்டிக் கொடுத்தது பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான். அது எங்களுக்குப் புரிகிறது. வேலைக்குப் போய் வந்து இதையும் செய்வது சாதாரண விஷயமில்லை. "அட்டை ஒட்டவா ஃபீஸ் கட்டுகிறோம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்வியிலும் தப்பில்லை. ஆனால் அட்டையை அப்பா ஒட்டினால், கற்றுக்கொள்வதும் அப்பாதான்.

ஆகவே நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் செய்முறை வேலை முழுவதும் வகுப்பிலேயே நடக்கும். வீட்டிலோ கடையிலோ செய்து கொண்டுவரும் மாதிரிகளை மேசையில் வைக்க அனுமதியில்லை. மதிப்பெண் பிள்ளைகளின் நோட்டுக்குத்தான்: யாரிடம் பேசினார்கள், என்ன கேட்டார்கள், எது சரிவரவில்லை, பிறகு என்ன மாற்றினார்கள். கோணலாக நிற்கும் மாதிரிக்கு மதிப்பெண் குறையாது. இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

உதவ விரும்பினால் வழி நிறைய இருக்கிறது. தச்சு வேலை தெரிந்த ஒரு தந்தை, ரம்பத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகளே அறுத்தார்கள். அவருக்கும், வீட்டு அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து அனுப்பிய தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி திறக்கும்போது பழைய அட்டை, துணித் துண்டு, சைக்கிள் டியூப் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். பொங்கல் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்