"வேண்டாம்" என்பது சோம்பல் அல்ல

ஆசிரியருக்கு,

பதினான்கு வயது மகளை மூன்று ஆண்டுகளாக நீச்சல், வயலின், பேச்சுப் பயிற்சி என வாரம் முழுவதும் அனுப்பி வந்தேன். அவள் "வேண்டாம்" என்ற ஒவ்வொரு முறையும் அதைச் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டேன். சென்ற மாதம் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு வாசலில் இறங்க மறுத்து அழுதாள். அன்றுதான் எனக்கு உறைத்தது.

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்கவியல் மருத்துவர்கள். என் மகள் ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வையும் உரிமை என்றே சொல்கிறது. தன்னைப் பற்றிய விஷயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லலாம் என்கிறது 12-ஆவது பிரிவு. நான் ஒருமுறையாவது கேட்டேனா?

கூச்சப்படும் பிள்ளைக்குச் சிறு உந்துதல் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் தயக்கம் வேறு, வெறுப்பு வேறு. பள்ளிகளும் இத்தகைய வகுப்புகளைக் கட்டாயமாக்காமல், பிடிக்காதவர்கள் பாதியில் விலக வழிவிட வேண்டும்.

இப்போது நீச்சலுக்கு மட்டும் போகிறாள். அவளே கேட்டாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்